காலாவதியான சாவியும் நான் எழுதிய ஒரு வரியும்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சர்வரை டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாற்ற உட்கார்ந்தேன். மாற்றுவதற்கு முன்னால், மென்பொருள்கள் எந்தெந்த இடங்களிலிருந்து வருகின்றன என்று எழுதியிருக்கும் பட்டியல் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தேன். மூன்றாவது வரியில் 'டிரஸ்டட்=யெஸ்' என்று இருந்தது. எழுதியது நான்தான். அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்: 'தற்காலிகம். நாளை சரிசெய்ய வேண்டும்.' அந்த நாளை கடந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன.

லினக்ஸ் பழக்கமில்லாத தோழர்களுக்குச் சொல்கிறேன். அந்த வரிக்கு அர்த்தம் இதுதான்: இந்த இடத்திலிருந்து எது வந்தாலும் வாங்கி நிறுவிக்கொள், அதை அனுப்பியது உண்மையில் அவர்கள்தானா என்று பார்க்காதே. வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு 14 மாதம் ஊர் சுற்றியதைப் போல என்று சொன்னால் கொஞ்சம் மிகை. கதவில் பூட்டு இருந்தது, பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் நான் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன்.

சின்ன சர்வர்தான். மாதம் சில நூறு ரூபாய் வாடகை. என் முனைவர் பட்ட ஆய்வு பஞ்சமி நிலங்களைப் பற்றியது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, அதைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது, அந்த நிலம் பிறகு கைமாறிப்போனது, இதெல்லாம் இந்தத் தளத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல. சர்வரின் ஒரு பகுதியில் யாரும் படிக்கக்கூடிய அரசாணைகளும் ஆவண நகல்களும் இருக்கின்றன. இன்னொரு பகுதி பூட்டியது. அதில் 61 நேர்காணல்கள். எந்தப் புல எண் யார் அனுபவத்தில் இருக்கிறது, எந்த ஆண்டு என்ன சொல்லிக் கைரேகை வாங்கினார்கள், திருப்பிக் கேட்கப் போனவரை யார் மிரட்டினார்கள் என்பதெல்லாம் பெயர் சொல்லிப் பேசியவை. பேசியவர்கள் இன்றும் அதே ஊரில், அதே மனிதர்களிடம் கூலிக்குப் போகிறார்கள். அந்தப் பதிவுகள் வெளியே போனால் பாதிக்கப்படப்போவது நானல்ல.

14 மாதங்களுக்கு முந்தைய அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வுக் குழுவின் முன் ஆவணக் காப்பகத்தைக் காட்ட வேண்டும். தரவுத்தளத்தில் ஒரு கோளாறு. புதிய பதிப்பைப் போட்டால் சரியாகும். டெபியனில் இருந்த பதிப்பு பழையது என்பதால், தரவுத்தளத்தைத் தயாரிப்பவர்களே நடத்தும் களஞ்சியத்திலிருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். அப்டேட் கொடுத்தால் 'எக்ஸ்ப்கீசிக்' என்று ஒரு பிழை. சாவி காலாவதியாகிவிட்டது என்று பொருள். மணி ஒன்றரை. இணையத்தில் தேடினேன். எவரோ ஒருவர் இந்த ஒற்றை வரியைப் போட்டால் போதும் என்று எழுதியிருந்தார். போட்டேன். வேலை செய்தது. தூங்கினேன். கேள்வி கேள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிற நான், முகம் தெரியாத ஒருவர் எழுதியதை முழு அதிகாரத்தோடு என் சர்வரில் ஒட்டும்போது எதையும் கேட்கவில்லை.

அந்தப் பிழை எதைச் சொல்ல வந்தது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

டெபியன், உபுண்டு போன்றவற்றில் மென்பொருள் தொகுப்புகள் ஒரு களஞ்சியத்திலிருந்து வருகின்றன. களஞ்சியத்தின் உச்சியில் ஒரு சிறிய கோப்பு உண்டு. அதில், தொகுப்புகளின் பட்டியல்களுக்கான ஷா-256 எண்கள் இருக்கும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் இந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். பட்டியலுக்குள் போனால் ஒவ்வொரு தொகுப்புக்கும் அதே போல ஒரு எண். ஆக, உச்சியில் உள்ள அந்த ஒரு கோப்பு உண்மையானது என்று உறுதியானால், கீழே உள்ள பல்லாயிரம் தொகுப்புகளும் உறுதியாகின்றன. உச்சிக் கோப்பில் தயாரிப்பாளர் தன் ரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறார். அதன் இணையான பொதுச் சாவி நம் சர்வரில் இருக்கிறது. அதை வைத்து நம் கணினி கையொப்பத்தைச் சரிபார்க்கிறது.

'எச்டிடிபிஎஸ் இருக்கிறதே, பிறகு எதற்கு இது?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தபால்காரர் வழியில் கடிதத்தைப் பிரிக்கவில்லை என்பதற்குத்தான் எச்டிடிபிஎஸ் உத்தரவாதம். கடிதம் எழுதியவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. டெபியனின் நகல்கள் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் மிரர் சர்வர்களாக இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று நாம் விசாரிக்க வேண்டியதில்லை. யாரும் எந்த நகலிலிருந்தும் வாங்கலாம், கையொப்பம் பொருந்தினால் போதும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த அம்சம் இது. கொடுப்பவர் யார், எந்த ஊர், எவ்வளவு பெரிய இடம் என்ற எதையும் அது பார்ப்பதில்லை.

சாவிகளுக்குக் காலாவதித் தேதி வைப்பதும் காரணத்தோடுதான். ரகசியச் சாவி திருடு போயிருக்கலாம், தொலைந்திருக்கலாம், அதைக் காத்தவர் இறந்திருக்கலாம். ஒரு தேதி வந்ததும் அது தானாகச் செல்லாமல் போனால், அத்தகைய விபத்துக்கு ஒரு முடிவு உண்டு. டெபியனின் சொந்தச் சாவிகள் ஒரு தொகுப்பாகவே வந்து, பழையது காலாவதியாகும் முன்பே புதியது சர்வரில் சேர்ந்துவிடும். ஒழுங்காக அப்டேட் செய்கிறவர்களுக்கு அது நடப்பதே தெரியாது. சிக்கல் பெரும்பாலும் என்னைப் போல வெளிக் களஞ்சியங்களைச் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கும், ஆண்டுக்கணக்கில் சர்வரைத் திரும்பிப் பார்க்காதவர்களுக்கும்தான்.

சாவி காலாவதியானது என்று வந்தால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, தயாரிப்பாளர் அதே சாவியின் தேதியை நீட்டித்திருப்பார். நம்மிடம் இருப்பது பழைய பிரதி, அவ்வளவே. புதிய பிரதியை எடுத்து, அதன் 40 எழுத்துக் கைரேகை பழையதோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. இரண்டாவது, சாவியே புதிது, கைரேகையும் வேறு. இங்கேதான் நிற்க வேண்டும். ஏன் மாற்றினார்கள், எங்கே அறிவித்தார்கள், பழைய சாவியோ நமக்குத் தெரிந்த வேறு சாவியோ இதற்குச் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். சாவியை எடுத்த அதே பக்கத்தில் உள்ள கைரேகையோடு மட்டும் ஒப்பிடுவது ஒப்பிடாததற்குச் சமம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த நகலுக்கு மக்களை அனுப்பினார்கள். தளத்தையே கைப்பற்றியவருக்கு அதில் எழுதியிருக்கும் எண்களை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

கைரேகையின் கடைசி எட்டு எழுத்துகளை மட்டும் பார்ப்பதும் உதவாது. அதே எட்டு எழுத்துகளோடு போலிச் சாவியைச் சில நொடிகளில் செய்துவிடலாம் என்று 2014-லேயே செய்து காட்டிவிட்டார்கள். நாற்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோவையில் சர்வர் நிர்வாகியாக வேலை செய்யும் ஒரு தோழரை அழைத்தேன். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நடந்ததைச் சொன்னேன்.

"பதினாலு மாசமாவா?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, திட்டுறத அப்புறம் வெச்சுக்கறேன். எங்கிட்ட ஒரு பழைய மெஷின்ல அந்தச் சாவி இருக்கு. மூணு வருசம் முன்னாடி போட்டது. நீ இப்ப எடுத்ததப் படி, நான் பாக்கறேன்."

நான் நான்கு நான்கு எழுத்தாகப் படித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். ஏழாவது தொகுதியில் "பி-யா டி-யா, தெளிவாச் சொல்லு" என்று நிறுத்தினார். பம்பரம் பி என்றேன். பத்துத் தொகுதிகளும் பொருந்தின. அதே சாவி, தேதி மட்டும் நீட்டிக்கப்பட்டிருந்தது. மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தைத்தான் 14 மாதங்களுக்கு முன்னால் நான் மிச்சம் பிடித்திருந்தேன்.

பிறகு அக்கா என் பழைய பாவம் ஒன்றையும் தோண்டி எடுத்தார். முன்பெல்லாம் 'ஆப்ட்-கீ' என்ற கமாண்டில் சாவிகளைச் சேர்ப்போம். எல்லாச் சாவியும் ஒரே கொத்தில் போய் விழும். கொத்தில் இருக்கிற எந்தச் சாவியும் எந்தக் களஞ்சியத்துக்கும் சாட்சி சொல்லலாம். நான் எப்போதோ ஒரு படக் கருவிக்காகச் சேர்த்த சின்னக் களஞ்சியத்தின் சாவியைத் திருடியவர், டெபியனின் அடிப்படைத் தொகுப்பு என்று சொல்லிப் போலியை அனுப்பினால் என் சர்வர் தலையாட்டியிருக்கும். அதனால்தான் அந்த முறையை வேண்டாம் என்று பல ஆண்டுகளாக எச்சரித்து, டெபியன் 13-இல் அந்தக் கமாண்டையே நீக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு சாவியும் 'எட்சி, ஆப்ட், கீரிங்ஸ்' அடைவில் தனிக் கோப்பு. களஞ்சியத்தின் வரியில் 'சைன்ட்-பை' என்று அந்தக் கோப்பின் பெயரைக் குறிப்பிட்டால், அந்தச் சாவிக்கு அந்தக் களஞ்சியத்தைத் தவிர வேறெங்கும் வாய் கிடையாது. என் சர்வரில் ஐந்து சாவிகள் கொத்தில் கிடந்தன. இரண்டு எதற்கென்றே நினைவில்லை. அவற்றை அழித்தேன். மீதி மூன்றைத் தனித்தனிக் கோப்பாக மாற்றினேன். 13-இல் சரிபார்ப்பைச் செய்வதும் செகோயா என்ற புதிய கருவி. அது பழைய ஜிபிஜியைவிடக் கறாரானது. பலவீனமான ஷா-1 முறையில் சான்றளிக்கப்பட்ட சாவிகளை 2026 பிப்ரவரி 1-க்குப் பிறகு அது ஏற்பதில்லை. அதன் காரணமாக நிற்கும் களஞ்சியங்களில் மறுபடி எவரும் 'டிரஸ்டட்=யெஸ்' போட்டுவிட வேண்டாம்.

கையொப்பம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2024 மார்ச் 29 அன்று ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டப் போய்க் கண்டுபிடித்தது அது. அந்தப் பதிப்புகளில் கையொப்பம் முறையாகவே இருந்தது. இட்டவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் திட்டத்தில் உழைத்துப் பராமரிப்பாளர் ஆனவர். அதுவரை தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப்போயிருந்த நேரத்தில் உதவி என்று வந்தவர். யார் அனுப்பினார் என்பதைச் சாவி சொல்லும். அனுப்பியவரின் மனதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. சம்பளமில்லாமல் தனியாக ஒருவர் சுமக்கும் வேலையில் யாரும் புகுந்துகொள்ளலாம் என்பதே எனக்கு அந்தச் செய்தியில் உறைத்தது.

2025 ஏப்ரலில் காலி லினக்ஸ் தன் பயனர்கள் எல்லோரையும் புதிய சாவியைக் கையால் நிறுவச் சொன்னது. பழைய சாவி திருடு போகவில்லை, தங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு குழுவுக்கே இது நடக்கிறது. நம்முடைய இயக்கத் தளங்களின் கதி என்ன? எனக்குத் தெரிந்து மூன்று சிறு தளங்கள் இப்படிப் போயிருக்கின்றன. கடவுச்சொல் தெரிந்த ஒரே தோழருக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனார், டொமைன் புதுப்பிக்கப்படவில்லை, ஐந்தாண்டு எழுத்து ஒரே வாரத்தில் காணாமல் போனது. எந்த அரசும் தடை செய்யவில்லை, எந்த எதிரியும் தாக்கவில்லை.

அப்படியானால் எதற்கு இந்தத் தொல்லை, பெரிய நிறுவனங்களின் இலவசச் சேவையில் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: வைக்கலாம். மாதத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் சொந்த சர்வர் நடத்தக் கூடாது என்பதே என் கருத்து. பராமரிக்காத சர்வர், இலவசச் சேவையைவிட ஆபத்து. ஆனால் எல்லோருமே கைவிட வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' தொடங்கியதும், 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியதும், 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியதும் அடுத்தவர் பத்திரிகையில் இடம் கேட்டு நிற்க முடியாது என்ற நிலையில்தான். அந்த இதழ்களுக்குத் தாள் வாங்கவும் எழுத்துக் கோக்கவும் மை துடைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. சர்வரைப் பார்த்துக்கொள்வதும் அந்த மை துடைக்கும் வேலைதான். கட்டுரை எழுத இருபது பேர் வருகிறார்கள், இதற்கு ஒருவரும் வருவதில்லை. 'அது டெக்னிக்கல் தோழர்' என்று நகர்ந்துவிடுகிறார்கள். நமக்கு இது வராது என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்பதை இந்தத் தளத்தில் விளக்கத் தேவையில்லை.

உள்ளே நுழைவதும் எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டெபியனில் டெவலப்பர் ஆக விரும்புகிறவரின் சாவியில், ஏற்கெனவே டெவலப்பராக இருப்பவர் கையொப்பம் இட வேண்டும். நேரில் சந்தித்து அடையாள ஆவணத்தைப் பார்த்து இடுவது நீண்ட கால வழக்கம். பொறியியல் உலகில் அறிமுகம் உள்ளவர்களுக்கு அது ஒரு மாலை நேரத் தேநீர். விழுப்புரத்திலோ திருவாரூரிலோ முதல் தலைமுறையாகப் படிக்கும் ஒருவர் அப்படி ஒருவரை எங்கே தேடுவார்? 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தது. நான் போகவில்லை, நமக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துவிட்டேன். இப்போது வருந்துகிறேன்.

சரி, என் சர்வருக்கு வருகிறேன். சாவி பொருந்திவிட்டது, பிழை போய்விட்டது. ஆனால் அந்த 14 மாதங்களில் அந்தக் களஞ்சியத்தின் வழியாக வேறு எதுவும் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? நிறுவப்பட்டிருந்த பதிப்புகளைச் சரியான சாவியோடு மீண்டும் இறக்கி ஒப்பிட்டோம். எல்லாம் பொருந்தின. எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் வந்தன என்பதால் நடுவில் எவரும் மாற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. "ஆனா ஒண்ணு தம்பி," என்றார் அக்கா, "உள்ள ஒருத்தன் ரூட்டா உக்காந்திருந்தா, ஒப்பிட்டுப் பாக்கற கருவியவே அவன் மாத்தியிருப்பான். அந்த மெஷின் கிட்டயே போய் நீ நல்லவனான்னு கேக்க முடியாது." எனவே பழைய சர்வரை அழித்துவிட்டேன். புதிதாக ஒன்றை எடுத்து, டெபியன் 13-ஐ முதலிலிருந்து போட்டு, ஆவணங்களை மட்டும் கொண்டுவந்தேன். கடவுச்சொற்கள், எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாம் புதியவை. நேர்காணல்களைச் சர்வரில் வைப்பதே இல்லை என்று முடிவெடுத்து, குறியாக்கம் செய்து இரண்டு வன்தட்டுகளில் வைத்தோம். ஒன்று என்னிடம், மற்றது வேறோர் ஊரில். சாவிகளின் கைரேகைகளும் காலாவதித் தேதிகளும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. அதன் நகல் அக்காவிடம் இருக்கிறது. சர்வருக்குள் நுழையும் உரிமை இப்போது எங்கள் இருவருக்கும் உண்டு. தானியங்கி அப்டேட் தோல்வியடைந்தால் இருவருக்கும் மின்னஞ்சல் போகும். முன்பு அது சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருக்கும்.

மீதமிருந்தது பேசியவர்களிடம் சொல்வது. எதுவும் வெளியே போனதற்கு அறிகுறி இல்லை, சொல்ல வேண்டியதில்லை என்று துறையில் சிலர் சொன்னார்கள். கதை கேட்கப் போனபோது பத்திரமாக வைத்திருப்பேன் என்று சொன்னது நான். அதனால் போனேன். 61 பேரில் இதுவரை 23 பேரைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களை அறுவடைக்குள் பார்த்துவிட வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே, "போனா போகட்டும் சார், ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றார்கள். ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுபது வயதிருக்கும். அப்பாவின் பட்டா நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருப்பவர். நான் சாவி, கையொப்பம் என்று விளக்கியதை முழுதாகக் கேட்டார். "ஏமாத்திக் கையெழுத்து வாங்குனாங்கன்னுதான் தம்பி நான் உங்கிட்ட சொன்னதே. நீ கையெழுத்தப் பாக்காம விட்டுட்டேங்கற" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, பதிவில் தன் பேர் இருக்கட்டும், மகன் பேரை மட்டும் எடுத்துவிடு என்றார். அவன் இப்போது அந்த வீட்டு டிராக்டர்தான் ஓட்டுகிறான். அன்றிரவே இரண்டு வன்தட்டுகளிலும் அந்த இடங்களை அழித்தோம், மூன்று நிமிடம் பதினேழாவது நொடியிலும், நாற்பத்திரண்டாவது நிமிடத்திலும்.